ட்ரெய்லரோடு ஊட்டிக்கு: கிளம்பும் முன் ஒரு கணக்கு

செமஸ்டர் லீவுல சைக்கிள்ல ஊட்டி போகணும்னு பிளான் போடாத கேங்கே நம்ம காலேஜில் கிடையாது. டென்ட், ஸ்டவ், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் முதுகில் தூக்க முடியாது என்றதும் அடுத்த ஐடியா, பின்னால் ஒரு ட்ரெய்லர். நல்ல ஐடியாதான். ஆனா மலை ரோட்டில் கிலோமீட்டரை விட மீட்டர்தான் முக்கியம், அதாவது எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பது.

ஏறும்போது

மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறக்குறைய 1,710, ஊட்டி 2,200. நீங்கள் 65 கிலோ, சைக்கிள் 15, ட்ரெய்லர் 7, லக்கேஜ் 13 என்று வைத்தால் மொத்தம் 100 கிலோ. குன்னூர் வரை 1,380 மீட்டர் தூக்க சுமார் 1,350 கிலோஜூல் வேண்டும். மணிக்கணக்கா 100 வாட் மிதிக்க முடியும்னா, அதுக்கு மட்டும் மூணே முக்கால் மணி நேரம். ட்ரெய்லரும் லக்கேஜும் இல்லாமல் 3 மணி நேரம். அந்த 20 கிலோவின் விலை முக்கால் மணி நேரம்! டயர் உராய்வு, டீ பிரேக் எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். அன்னைக்கு குன்னூரோட நிறுத்திட்டு, ஊட்டியை மறுநாளுக்கு வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

சீக்கிரம் போகணும்னு இருட்டிலேயே கிளம்பாதீங்க. கல்லாறு, பர்லியார் பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்கும். நன்றாக விடிந்த பிறகு ஏறுங்கள்.

கியர்

5 சதவீத ஏற்றத்தில் 100 வாட்டுக்கு வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் வரும். நிமிடத்துக்கு 60 தடவை பெடல் சுற்ற வேண்டுமென்றால் கியர் ரேஷியோ 1-க்குக் கீழே இருக்கணும். முன்னால் 28 பல், பின்னால் 34 பல் என்றால் சுமார் 0.82, அது போதும். சாதா சிங்கிள் ஸ்பீடில் முன்னால் 44, பின்னால் 18. அதில் ட்ரெய்லரை இழுக்க முடியாது, தள்ளிக்கிட்டுத்தான் போகணும்.

லோடு

கனமான பொருள் அடியில், ட்ரெய்லர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். பின்பாரம் அதிகமானால் ட்ரெய்லர் ஆடும். ஒற்றைச் சக்கர ட்ரெய்லர் குறுகலானது, வளைவில் சைக்கிளோடு சேர்ந்து சாயும். இரட்டைச் சக்கரத்தில் நிறைய ஏற்றலாம், ஆனா பஸ் ஒதுங்கும்போது அகலம் இடிக்கும். ட்ரெய்லர் சக்கரம் சின்னது என்பதால் அதற்குத் தனி ட்யூப் எடுத்துக்கோங்க. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, அதனால் ஸ்டீல் பாட்டில் வேண்டும்.

இறங்கும்போது

உண்மையான ஆபத்து இங்கேதான். ஏறும்போது சேர்த்த சக்தி முழுக்க இப்போ பெரும்பாலும் பிரேக்கில்தான் வெப்பமாகப் போகும். ட்ரெய்லருக்குப் பிரேக் கிடையாது, அது பின்னாலிருந்து தள்ளும். வளைவுக்குள் பிரேக்கை அழுத்தினால், குறிப்பாக ஈர ரோட்டில், ட்ரெய்லர் பக்கவாட்டில் வந்து சைக்கிளையே மடக்கிவிடும். அதனால் வளைவுக்கு முன்பே, நேரான ரோட்டிலேயே வேகத்தைக் குறையுங்கள். முன், பின் பிரேக்கை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். ரிம் சூடானால் நின்று ஆறவிடுங்கள். 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி ரோட்டில் ட்ரெய்லரோடு இறங்கும் யோசனையே வேண்டாம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, முழு லோடோடு பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள். பிரேக்கும் கியரும் அங்கேயே பதில் சொல்லிடும்.