நான்கு குடமும் ஒரு ஜோடி பிரேக் கட்டையும்

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வரும் முன், நல்ல தண்ணீருக்கு அலைவது பல ஊர்களில் அன்றாட வேலை. கேரியருக்கு இருபுறமும் இரும்புக் கொக்கி வைத்துக் குடங்களைத் தொங்கவிடும் சைக்கிள் இப்படிப்பட்ட தேவையில் பிறந்தது. வெல்டிங் பட்டறையில் கைக்கணக்கில் செய்யும் இந்த வேலையைப் படித்தவர்கள் எளிதில் ஆபத்து என்று ஒதுக்குவார்கள். அது பாதிதான் சரி. பின்பக்கக் கொக்கி நல்ல பொறியியல். அதே கையால் முன்பக்கம் செய்யும் மாற்றமும், தொடாமலே விட்டுவிடும் பிரேக்கும்தான் கவலை தருபவை.

பழைய பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. பாரம் பின்னால்தான் ஏறும் என்று நினைத்தே செய்த வண்டி அது. கேரியரின் கால்கள் பின் அச்சில் நட்டு போட்டு நிற்பதால் குடத்தின் எடை நேரே சக்கரத்துக்கு இறங்குகிறது. பிரேம் அதில் சிறு பங்கையே சுமக்கிறது. தாழத் தொங்கும் குடம் வண்டியைச் சாய்ப்பதும் குறைவு. ஹேண்டில்பாரில் மாட்டிய சுமை அப்படியல்ல. அது ஃபோர்க்கின் கழுத்தில் உட்காருகிறது; பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்ந்து அதே கழுத்தை வளைக்கிறது. அங்கே கொக்கியைப் பற்றவைத்தால் இன்னும் மோசம். பிரேமின் மூட்டுகள் பெரும்பாலும் பித்தளை உருக்கி ஒட்டியவை. பித்தளை கலந்த இடத்தில் ஆர்க் வெல்டிங் சரியாகப் பிடிக்காது, விரிசலுக்கு வழி வைக்கும். கேரியர் முறிந்தால் குடம் உடையும், ஃபோர்க் முறிந்தால் ஓட்டுபவர் முகம் தரையில் மோதும்.

“இருபது வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல” என்பார்கள். மதிக்க வேண்டிய சாட்சிதான், ஆனால் முழுச் சாட்சியல்ல. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். நாளுக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 4,500 சுற்று. வருடத்தில் 300 நாள் என்றால் 13 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து இறுகுகிறது. இரும்பு களைத்து முறிவது இப்படித்தான். நேற்றுவரை தாங்கியதால் நாளையும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

வியட்நாமியர் 1954இல் தியென் பியென் பூ போருக்கு ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் கொண்டுபோனார்களே என்று கேட்கலாம். கொண்டுபோனார்கள், ஆனால் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டிலில் மூங்கில் கழி கட்டி, பக்கத்தில் நடந்தே தள்ளினார்கள். ஜார்க்கண்டில் நிலக்கரி மூட்டை சுமக்கும் சைக்கிள்களும் பெரும்பாலும் தள்ளப்படுபவைதான். நடை வேகத்தில் பிரேம் தாங்குவதும், இறக்கத்தில் பிரேக் தாங்குவதும் வேறு வேறு சங்கதி.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் மலைச்சாலையை நினைத்தால் இது விளங்கும். ஆள் 60 கிலோ, வண்டி 20 கிலோ. பதினைந்து லிட்டர் குடம் நான்கு சேர்ந்தால் மொத்தம் 140 கிலோ. அதே வேகத்தில் அதே பிரேக்கைப் பிடித்தால், குடமில்லாத வண்டியைவிடச் சமதரையிலேயே ஒன்றேமுக்கால் மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும்; இறக்கத்தில் அதைவிடவும் அதிகம். குடம் ததும்பி இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கி, அந்தத் தூரம் இன்னும் நீளும். மோட்டார் கிட் பூட்டி வேகத்தை இரட்டிப்பாக்கினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு.

காசில்லாதவரிடம் போய் இதையெல்லாம் பேசலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் நல்ல முறைக்குப் பெரிய செலவில்லை. கொக்கியைப் பிரேமில் பற்றவைக்காமல் பட்டையும் போல்ட்டும் கொண்டு கேரியரிலேயே இறுக்கலாம். ஹேண்டில்பாரை வெறுமையாக விடலாம். தேய்ந்த கட்டையை மாற்றி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கலாம். செங்குத்தான இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதற்கு அந்தச் செலவும் வேண்டாம்.