யாருடைய மரபணுவை வைத்துப் போட்ட கணக்கு?

பழனி வட்டம் கீரனூரில் இருப்பவர்கூட இன்று எச்சில் மாதிரியைக் கூரியரில் அனுப்பி, மாரடைப்போ சர்க்கரை நோயோ வர எவ்வளவு வாய்ப்பு என்ற மரபணு ரிப்போர்ட்டைப் போனிலேயே வாங்கிவிடலாம். பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்தக் கணக்கு எந்த மக்களின் மரபணுவை வைத்துப் போட்டது?

2019ல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை, மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்றது. உலக மக்கள்தொகையில் அவர்கள் 16 சதவீதம்தான். அவர்களுக்குப் பொருந்தும் கணக்கு நமக்கு வரும்போது துல்லியம் குறைகிறது.

இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணு எம்ஒய்பிபிசி3. அதில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் உண்டு. ஐரோப்பியரிடம் அநேகமாக இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர், இதற்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 2009ல் காட்டினார்கள். இந்த மாற்றம் இருக்கிற எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் ஐரோப்பியரை மட்டும் பார்த்துத் தயாரித்த பட்டியலில் இது எப்படி இடம்பெறும்?

ரிப்போர்ட்டில் வரும் ‘அபாயம் குறைவு’ என்ற வரியை நம்பி யாராவது பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய பயம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர் வீட்டுக்கே வந்து பார்க்கும் பிரஷரும் சர்க்கரையும் உங்கள் உடம்பிலேயே எடுத்த அளவு, செலவும் இல்லை.

நம் மரபணுவும் ஆய்வுக்குள் வர வேண்டும். ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நாளை உங்களிடம் ரத்தம் கேட்டால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு வேண்டாம் என்று விலகவும் உரிமை உண்டு.

மரபணுப் பேச்சு காப்பீட்டிலும் வரும். காப்பீட்டு நிறுவனம் ‘இது மரபணு நோய்’ என்று க்ளெய்மை மறுத்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். இதயத் தசை தடித்த ஒருவருக்கு இப்படி மறுத்தது செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்தது. அதன் பொதுவான உத்தரவுகள் சிலவற்றை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆனாலும் மருத்துவ பாலிசிகளில் மரபணு நோய்களை விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 விதிமுறையிலேயே சொல்லிவிட்டது.

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால், ஓராண்டுக்குள் சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க ஐஆர்டிஏஐ உதவி எண் 155255.