அடுப்பங்கரையில் ஒரு பாரதம்

தர்மபுரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒகேனக்கல் அருவியைப் பார்க்கத்தான் போவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, அரைத் தூக்கத்தோடு பஸ் ஏறுவார்கள். நான் போனது அருவியைப் பார்க்க அல்ல; என் பெரியம்மாவைப் பார்க்க. ஆனால் அந்த வீட்டு அடுப்பங்கரையில் நான் கேட்ட இரைச்சலுக்கு முன்னால், காவேரி கொஞ்சம் அடக்க ஒடுக்கமாகத்தான் விழுகிறாள் என்று சொல்லவேண்டும்.

பெரியம்மாவுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் ஓசூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். இளையவள் மாமியாரோடு இருப்பவள். இருவரும் படித்தவர்கள், மாமியாரிடம் உயிரையே வைத்திருப்பவர்கள். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதியோடு போராடும் மாமியாரை எப்படியாவது குணப்படுத்திவிட வேண்டும் என்பது இருவருக்கும் ஒரே லட்சியம். சங்கடம் என்னவென்றால், மூத்தவள் 'கேட்டோ' கட்சி. இளையவள் 'பேலியோ' கட்சி!

மத்தியானம் பெரியம்மாவின் தட்டில், வெண்ணெயில் வறுத்த பனீர்த் துண்டுகளை மூத்தவள் வைத்தாள். இளையவள் அதை மெல்ல எடுத்து வேறு கிண்ணத்தில் போட்டாள்.

"பனீர் வேண்டாங்க்கா. ஆதி மனுஷன் பால் கறந்தானா?"

"ஆதி மனுஷன் மிக்ஸிகூடத்தான் வச்சிருக்கலை. நீ காலையில தேங்காய்ச் சட்னி அரைக்கலையா?"

இளையவள் பதில் பேசாமல் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒரு துண்டை வைத்தாள். இப்போது மூத்தவள் பதறினாள்: "ஐயையோ, கிழங்கா! அதன் பேரிலேயே சர்க்கரை இருக்கே!"

பெரியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஒரே ஒரு உருண்டை களி போட்டு, கொஞ்சம் கீரைக் குழம்பு ஊத்தினால் ஆகாதா, கண்ணுங்களா?" என்று கேட்டார்.

"கூடவே கூடாது, அத்தை!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் பூரண ஒற்றுமை!

வேடிக்கையாக இருக்கிறதல்லவா? நானும் அப்போது சிரித்தேன். அன்று சாயங்காலம் நடந்ததைப் பார்த்த பிறகு சிரிக்கத் தோன்றவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த இரண்டு கட்சிகளும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம்.

1863-ஆம் வருஷத்துப் பொருத்தம்

இரண்டு கட்சிகளுக்கும் ஒரே வருஷத்தில் அஸ்திவாரம் போடப்பட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1863-ல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். சவ அடக்க ஏற்பாடுகள் செய்வது அவர் தொழில். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் முதலியவற்றை டாக்டர் யோசனைப்படி விட்டதும் தம்முடைய பருத்த சரீரம் இளைத்த கதையை அதில் எழுதியிருந்தார். மாவுச் சத்தைக் குறைத்து உடம்பை இளைக்கவைக்கும் சம்பிரதாயத்துக்கு அதுவே பிள்ளையார் சுழி.

அதே 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, நம் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அது வெறும் கல் அல்ல. பழைய கற்கால மனிதன் செதுக்கிய ஆயுதம். இந்தியாவிலும் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அது சாட்சியாயிற்று. தன் பெயரைச் சொல்லிப் பின்னால் நம் வீட்டு மருமகள்கள் சண்டை போடுவார்கள் என்று அந்தக் கல்லைச் செதுக்கியவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்!

மூத்தவளின் வேதம்

கேட்டோ முறை இளைப்பதற்காகப் பிறந்ததல்ல. 1921-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் ரஸ்ஸல் வைல்டர், காக்காய் வலிப்பு நோயாளிகளுக்காக அதை வகுத்தார். பட்டினி கிடந்தால் வலிப்புக் குறைகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனால் எத்தனை நாளைக்குப் பட்டினி போட முடியும்? அரிசி, கோதுமை வகையறாவை அடியோடு குறைத்துக் கொழுப்பை ஏற்றிக் கொடுத்தால், உடம்பு பட்டினியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறது. ஈரல் கொழுப்பிலிருந்து 'கீட்டோன்' என்ற பொருளைத் தயாரிக்கிறது. மூளைக்கு அதுவும் ஆகாரமாகிறது. ஆதியில் வகுத்த கணக்கு மிகக் கண்டிப்பானது. எடையில் கொழுப்பு 4 பங்கு என்றால், புரதமும் மாவுச் சத்தும் சேர்ந்தே 1 பங்குதான்!

1938-ல் ஃபெனிட்டாயின் என்ற மருந்து வந்ததும் இந்த முறை மங்கிப்போயிற்று. 1972-ல் டாக்டர் அட்கின்ஸ் எழுதிய புஸ்தகம் மாவுச் சத்துக்கு எதிராக மறுபடியும் கொடி பிடித்தது. 1993-ல் ஹாலிவுட் டைரக்டர் ஜிம் ஆப்ரஹாம்ஸின் சின்னஞ்சிறு மகனுக்கு வந்த வலிப்பு கேட்டோ உணவால் அடங்கியது. தகப்பனார் அந்த அனுபவத்தை வைத்து, 1997-ல் மெரில் ஸ்ட்ரீப் நடிக்க ஒரு படமே எடுத்துவிட்டார்.

இன்றைய கேட்டோ கட்சிக்கு ஒரே ஒரு சட்டம்தான்: நாள் ஒன்றுக்கு மாவுச் சத்து 50 கிராமுக்குள், தீவிரவாதிகளுக்கு 20 கிராம். ஒரு கப் சோற்றிலேயே ஏறக்குறைய 45 கிராம் போய்விடும்! அந்தக் கணக்குக்குள் அடங்கினால் வெண்ணெய், பாலாடைக்கட்டி, செயற்கை இனிப்பு எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. வாழைப்பழம், மாம்பழம், தேன் இவற்றுக்குத் தடை.

இளையவளின் வேதம்

பேலியோ கட்சி கிராமை எண்ணுவதில்லை, வயதை எண்ணுகிறது. மனிதன் பயிர் செய்யத் தொடங்கியது சுமார் 10,000 வருஷங்களுக்கு முன்புதான். அதற்கு முந்திய லட்சக்கணக்கான வருஷங்கள் வேட்டையாடியும், காய் கனி கிழங்கு பொறுக்கியும் பிழைத்தான். நம் உடம்பு அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்பட்டது என்பது வாதம். 1985-ல் பாய்ட் ஈட்டன், மெல்வின் கான்னர் என்ற இருவர் ஒரு பிரபல வைத்தியப் பத்திரிகையில் இதை எழுதினார்கள். 2002-ல் லோரன் கார்டெய்ன் எழுதிய நூல் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. அதன்படி தானியம், பருப்பு, பால், சர்க்கரை எல்லாம் விலக்கு. வேர்க்கடலைகூடப் பருப்பு இனம் என்று தள்ளுபடி! ஆனால் பழத்துக்குத் தடை இல்லை. கட்சிக்காரர்களில் பலர் கிழங்கும் தேனும்கூட அளவோடு சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஆக, பனீர் ஒரு கட்சிக்கு அமிர்தம், மற்றதற்கு நஞ்சு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒரு கட்சிக்கு நஞ்சு, மற்றதற்கு உணவு. "சர்க்கரை இல்லாத இனிப்பு மாத்திரை கற்காலத்தில் ஏது?" என்று இளையவள் கேட்கிறாள். "கற்காலத்து மாம்பழம் உன் பாலக்கோட்டு மாம்பழம் மாதிரியா இருந்திருக்கும்?" என்று மூத்தவள் மடக்குகிறாள். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதுதான் தொந்தரவு!

நம் தமிழ்நாட்டில் கதை இன்னும் சிக்கல். இங்கே 'பேலியோ' என்று பரவியது நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' என்ற நூலின் வழியாகவும், அவருடைய முகநூல் குழுவின் வழியாகவும்தான். காலையில் 100 பாதாம் என்பது அதில் பிரசித்தம். சைவக்காரர்கள் இந்த நாட்டில் அதிகமாயிற்றே! அவர்களுக்காகப் பனீரும், வெண்ணெயும், நெய்யும் உள்ளே வந்தன. மாவுச் சத்தும் நன்றாகக் குறைக்கப்பட்டது. கார்டெய்ன் பார்த்தால் "இது என் கட்சி அல்ல" என்பார். மூத்தவளோ, "பேரை மாத்திக்கிட்டு எங்க கட்சியில்தானே இருக்கீங்க?" என்கிறாள். பெரியம்மா வீட்டு இளையவள் பால் விலக்கிய சுத்த பேலியோ. பக்கத்து வீட்டுப் பெண் பனீர் பேலியோ. அவர்களுக்குள்ளேயும் பேச்சு வார்த்தை சரியில்லை என்று கேள்வி!

கற்கால மனிதனின் பல் சொன்ன சேதி

கற்கால மனிதன் தானியமே தொட்டதில்லையா? அவன் பல்லே சாட்சி சொல்லிவிட்டது. நியாண்டர்தால் மனிதர்களின் பற்களில் படிந்த காரையை ஆராய்ந்ததில், வேகவைத்த தாவர மாவுச் சத்தின் துகள்கள் அகப்பட்டன. 2011-ல் வெளியான சேதி இது. இத்தாலியில் சுமார் 30,000 வருஷத்துக்கு முந்திய அரைவைக் கல்லில் மாவு ஒட்டியிருந்தது. நம் திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் தோண்டியபோது கொள்ளும் பச்சைப்பயறும் கருகிய நிலையில் கிடைத்தன. அது புதிய கற்காலம். ஆனாலும் இந்த மண்ணின் பூர்வீகர்களுக்குப் பயறு விலக்கல்ல என்று தெரிகிறது.

கேட்டோவுக்கும் சோதனை உண்டு. 2022-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில், ஒரே ஆட்களைச் சில வாரம் கேட்டோவிலும், சில வாரம் பருப்பும் பழமும் முழுத் தானியமும் கொண்ட மத்தியதரைக்கடல் சாப்பாட்டிலும் வைத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கேட்டோவில் கெட்ட கொழுப்பு ஏறியது, நார்ச்சத்து குறைந்தது. அதே இடத்தில் 2018-ல் 609 பேரை வைத்து ஒரு வருஷம் நடத்திய சோதனையில், கொழுப்பைக் குறைத்தவர்களும் மாவைக் குறைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இளைத்தார்கள். இரண்டு கோஷ்டிக்கும் பொதுவாகச் சொன்ன புத்திமதி: சர்க்கரையையும் மைதாவையும் விடுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள்.

நமக்கு இது தேவையில்லாத பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. 2023-ல் வெளியான இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி என்கிறது. நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவிகிதம் மாவுச் சத்து என்று 2025-ல் சொன்னார்கள். அதை 50, 55 என்ற அளவுக்கு இறக்கிப் புரதத்தை ஏற்றினாலே நல்ல பலன் உண்டு என்பது 2022-ல் வந்த அவர்கள் கணக்கு. சோற்று மலையைச் சிறு குன்றாக்க வேண்டும் என்பதில் இரண்டு மருமகள்களும் சரிதான்!

பாவம், தர்மபுரிக்குத்தான் இதில் பெரிய சங்கடம். கேழ்வரகும் சாமையும் விளைகிற பூமி அது. 2023-ல் நீலகிரி, தர்மபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களில்தான் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். அரிசியைப்போல் முப்பது மடங்குக்கு மேல்! பெண்களின் எலும்புக்கு இதைவிட மலிவான துணை எது? ஆனால் "கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது" என்று நம்பி மூன்று உருண்டை விழுங்குவதும் தப்பு. அதிலும் 100 கிராமுக்கு 70 கிராமை ஒட்டி மாவுச் சத்துதான்.

சாயங்காலம் நடந்தது

இப்போது சாயங்காலத்துக்கு வருவோம். விளக்கேற்றும் நேரம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்குக் குப்பென்று வியர்த்தது, கை நடுங்கியது, என்னை என் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நல்லவேளையாக வீட்டில் சோதனைக் கருவி இருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் 58! 70-க்குக் கீழே போனாலே ஆபத்து என்பார்கள். மூத்தவள் ஓடிப்போய் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தாள். இளையவள் மாமியாரைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கவைத்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது 92. அந்தக் கால் மணி நேரத்தில் கேட்டோவும் இல்லை, பேலியோவும் இல்லை. இரண்டு பெண்களின் கண்ணீர்தான் இருந்தது.

மறுநாள் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சோற்றையும் களியையும் நிறுத்தினீர்களே, மாத்திரையைக் குறைத்தீர்களா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நாளாகத் தட்டைப் பார்த்துத் தகராறு செய்தவர்கள், மாத்திரை டப்பாவைத் திறந்தே பார்க்கவில்லை! சோறு தின்னும் உடம்புக்குக் கொடுத்த மாத்திரை, சோறு தின்னாத உடம்பில் தன் வேலையைச் செய்துவிட்டது.

சகோதரிகளே, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென்று மாற்றக்கூடாது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளோடு கேட்டோ சேர்ந்தால், ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது சோதனைக் கருவியில் சர்க்கரை அதிகமாகக் காட்டாமல் ஏமாற்றவும் கூடும். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இந்தப் பரீட்சையில் இறங்கவே வேண்டாம்.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மத்தியானத்துக்குச் சிறு உருண்டைக் களி ஒன்று, அதைப்போல் இரண்டு பங்கு கீரையும் காயும், ஒரு முட்டை என்று எழுதிக் கொடுத்தார். களி என்ற எழுத்தைப் படித்ததும் பெரியம்மாவின் முகத்தில் பூத்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இந்தத் தர்மபுரி, தகடூர் என்ற பெயரோடு அதியமான் ஆண்ட ஊர். அவன் முன்னோர் தமிழ்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்ததாகப் புறநானூறு சொல்கிறது. அவனோ கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். நான் ஊருக்குக் கிளம்பிய அன்று பெரியம்மாவின் தட்டோரத்தில் உப்பு நெல்லிக்காய் ஒன்று இருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும்தான்!" என்றார் பெரியம்மா. "அதுக்கு ரெண்டு கட்சியிலும் தடை இல்லையாம்!"