கெர்னலுக்குள்ளே – 17: கழித்தல் குறி போட்ட வரிகள்

கெர்னல் மெமரியை எப்படிப் பங்குபோட்டுக் கொடுக்கிறது என்று போன வாரம் பார்த்தோம். மெமரி கன்ட்ரோலர்களை இயக்குகிற டிரைவர்களுக்கு லினக்ஸில் ‘டிரைவர்ஸ்/மெமரி’ என்று தனி ஃபோல்டரே இருக்கிறது. டெக்ரா, எக்ஸினோஸ், ஓமேப் என்று சிப் குடும்பம் வாரியாக அதில் டிரைவர்கள் உண்டு. 2024-இல் அங்கே ஒரு பெரிய கிளீனப் நடந்தது. புதிதாக எந்த வசதியும் சேரவில்லை. வரிகள் குறைந்தன, அவ்வளவுதான். இப்படி ஒரு பேட்ச் கைக்கு வந்தால் ரிவ்யூ செய்கிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

ஜெட்சன் டிகே1 போர்டை எடுத்துக்கொள்வோம். 2014-இல் என்விடியா வெளியிட்டது, டெக்ரா கே1 சிப்பில் ஓடுவது. அந்தச் சிப்பில் மெமரியின் வேகத்தை ஏற்றி இறக்க ஒரு டிரைவர் உண்டு. சிப் ஒன்றுதான், ஆனால் போர்டுக்குப் போர்டு வேறு வேறு ரேம் வரும். எந்த ரேமுக்கு எந்த டைமிங் என்பதை, போர்டின் ஹார்ட்வேரை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் கிளை கிளையாக எழுதி, ஒவ்வொரு கிளைக்கும் ‘ரேம் கோட்’ என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். போர்டு பூட் ஆகும்போது டிரைவர் கிளைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய்த் அந்தப் போர்டின் எண்ணுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தேடலில் ஒரு கணக்கு ஓடுகிறது. ஒரு கிளையைப் பிடித்தால் அதன் எண்ணிக்கை ஒன்று கூடும். விட்டால் ஒன்று குறையும். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பது மாதிரிதான்: எடுத்தது எத்தனையோ அத்தனையும் கடைக்குத் திரும்ப வேண்டும். லூப் கடைசிவரை ஓடினால் கணக்குத் தானாக நேராகிவிடும். பிழை வந்து நடுவழியில் ‘ரிட்டர்ன்’ ஆகும்போதுதான் சிக்கல். கையில் பிடித்திருக்கும் கிளையை ‘ஆஃப்_நோட்_புட்’ என்று நாமே எழுதி விட வேண்டும். அந்த ஒரு வரியை எழுத மறந்த இடங்கள் கெர்னலில் கொஞ்சநஞ்சமில்லை. பிழை வந்தால் மட்டும் ஓடுகிற வழி அது. பெரும்பாலான போர்டுகளில் அந்த வழியில் யாரும் ஒருமுறைகூடப் போயிருக்க மாட்டார்கள்.

2023-இல் வந்த 6.5 கெர்னல் இதற்கு ஒரு வழி திறந்தது. ஒரு வேரியபிள் தன் எல்லையைத் தாண்டும்போது, அது பிடித்திருப்பதைக் கம்பைலரே விட்டுவிடும்படி செய்யலாம். அந்த வசதியை வைத்து, அடுத்த வருஷமே கிளைகளைச் சுற்றிவரும் லூப்புக்கு ‘ஸ்கோப்ட்’ வடிவம் ஒன்று வந்தது. நடுவில் எப்படி வெளியேறினாலும் கிளை தானாக விடுபடும்.

அந்த டெக்ரா டிரைவரில் டைமிங்குகளைப் படிக்கும் ஃபங்ஷனில் இது அழகாகப் பொருந்துகிறது. லூப்பின் தலை மாறுகிறது. பிழை வந்தால் கிளையை விடும் வரி போகிறது. ‘ரிட்டர்ன்’ மட்டும் நிற்கிறது. படிக்கவே சுகமாக இருக்கிறது.

அதே கோப்பில் கொஞ்சம் தள்ளி இன்னொரு லூப் இருக்கிறது. ரேம் கோடைத் தேடும் லூப். பார்க்க அச்சு அசல் இதே மாதிரிதான். ஆனால் பொருந்தும் கிளை கிடைத்ததும் அது அந்தக் கிளையை விடாமல், பிடித்தபடியே அழைத்த ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் விடுகிற பொறுப்பு அழைத்தவருடையது. இதையும் அதே கையோடு ‘ஸ்கோப்ட்’ ஆக்கினால், கிளை கைமாறும்போதே ஒருமுறை விடுபடும். அழைத்தவர் இன்னொருமுறை விடுவார். எடுத்தது ஒன்று, கொடுத்தது இரண்டு. கம்பைலர் வாயே திறக்காது. இன்னொன்றும் உண்டு: டிவைஸ் ட்ரீயை ஓடும்போதே மாற்றும் வசதி அணைக்கப்பட்ட கெர்னலில் ‘ஆஃப்_நோட்_புட்’ எதையுமே செய்யாத வெற்று ஃபங்ஷன். அப்படிப்பட்ட போர்டில் சோதித்துவிட்டு “எல்லாம் சரி” என்று சொன்னால், எதையும் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அதனால் இந்த வகைப் பேட்சை நான் கழித்தல் குறி போட்ட வரிகளிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். நீக்கிய ஒவ்வொரு வரியும் யாருக்காக, எந்த வழியில் ஓடிக்கொண்டிருந்தது? பேட்சில் அக்கம்பக்கத்தில் மூன்று வரிதான் தெரியும், அது போதாது. ஃபங்ஷனை முழுக்கத் திறந்து, வெளியேறும் வழிகளை ஒரு தாளில் எழுதி, வழிக்கு வழி எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். பத்து வரிப் பேட்சுக்கு அரை மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். ‘ரிவ்யூட்-பை’ என்று பெயர் போடுவது, நான் படித்துப் பார்த்தேன், இது சரி என்று நம்புகிறேன் என்று எழுதிக் கொடுப்பது.

கிளீனப் பேட்சுகளில் வரும் “செயல்பாட்டில் மாற்றமில்லை” என்ற குறிப்பை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு டெபியன் ஒரு பாடம். 2006-இல் அங்கே ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில், மெமரியைச் சோதிக்கும் வால்கிரைண்ட் கருவியின் எச்சரிக்கையை நிறுத்துவதற்காகச் சில வரிகளை எடுத்தார்கள். எடுத்ததில் ஒன்றுதான் ரகசியச் சாவிகளுக்குத் தற்செயல் எண்களை ஊட்டிக்கொண்டிருந்தது. மிஞ்சியது புராசஸ் எண் ஒன்றுதான். அதன் எல்லை சாதாரணமாக 32,768. 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை அந்த நிரலால் உருவான சாவிகளெல்லாம் உட்கார்ந்து ஊகித்துவிடக் கூடியவை.

இருந்தாலும், ஓடுகிற நிரலைத் தொடாதே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கையால் எழுதும் வரி மறந்துபோகும், கம்பைலர் மறக்காது. கெர்னலுக்குள் புதிதாக வருகிறவர்கள் பலர் முதலில் அனுப்புவதும் கிளீனப் பேட்ச்தான். அவர்களுக்குப் பதில் எழுதும்போது “தவறு” என்று மட்டும் எழுதாமல், எந்த வழியில் எண்ணிக்கை பிசகுகிறது என்று காட்டினால் அடுத்த பேட்ச் நன்றாக வரும். கிளையை விட மறந்த பழைய கசிவு ஏதாவது கண்ணில் பட்டால் அதைக் கிளீனப்போடு கலக்காமல், ‘ஃபிக்ஸஸ்’ குறிப்போடு தனிப் பேட்சாக முதலில் வைக்கச் சொல்ல வேண்டும். பழைய கெர்னல்களைப் பராமரிக்கிறவர்களுக்கு வேண்டியது அந்தத் திருத்தம் மட்டும்தான். ‘ஸ்கோப்ட்’ லூப் அவர்களிடம் இல்லாமலும் இருக்கலாம்.

அந்த இரண்டாவது லூப்பை என்ன செய்வது? மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ‘நோ_ஃப்ரீ_பிடிஆர்’ போட்டு, இதை விடாதே என்று கம்பைலருக்குச் சொல்லலாம். நானாக இருந்தால் அதைப் பழையபடியே விட்டுவிடச் சொல்வேன். அதில் பிழை இல்லை. நீக்குவதற்கு வரியும் இல்லை.

(தொடரும்)