எல்லைக்கல்லும் துணைக்கோள் அளவையும்
கைப்பேசி காட்டும் இடக்குறிப்பு சில மீட்டர் பிசகக்கூடியது. வயலை அடையாளங் காண அது போதும். ஒரு முழ வரப்பிற்காக வியாஜ்யம் நடக்குமிடத்தில் எல்லைக்கல் நடப் போதாது.

துணைக்கோளின் சமிக்ஞை அயனி மண்டலத்தைக் கடக்கையில் தாமதிப்பது பிசகுக்கு முக்கிய காரணமாம். ஆகவே, ஸ்தானம் திட்டமாய் அறியப்பட்ட நிலையங்களில் யந்திரங்கள் ஓயாமல் அளந்து, காணும் பிசகை உடனுக்குடன் அறிவிக்கின்றன. விமானங்களை உத்தேசித்து அமைத்த 'ககன்' ஏற்பாடு அத்திருத்தத்தைத் துணைக்கோள் வழியாகவே பரப்புகின்றது. ஆயினும் அதன் துல்லியம் மீட்டர்க் கணக்கிலேயே நிற்கும். இந்திய நில அளவைத் துறை நிலையங்களின் திருத்தமோ கைப்பேசி வலை வழியாய் வந்து, தக்க கருவிக்குச் சில சென்டிமீட்டர்த் துல்லியம் அளிக்கும்.

அடர்ந்த தோப்பினுள் இதுவும் தடுமாறும். ஆங்கே பழைய சங்கிலியே சிலாக்கியம். கருவி எத்திருத்தத்தைப் பெறுகின்றதென நிலமுடையோர் முன்னதாக விசாரிப்பதும், கிராம அதிகாரிகள் அதை அளவைக் குறிப்பில் பதிவதும் அவசியம்.