மகிழுந்து ஒலிக்கருவி விளக்கு

மகிழுந்து ஒலிக்கருவி விளக்கு என்பது மகிழுந்தின் முகப்புப் பலகையில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும் வானொலி, ஒலிநாடா அல்லது குறுவட்டுக் கருவியின் காட்சித் திரைக்கும் பொத்தான்களுக்கும் ஒளி தரும் சிறு மின்விளக்கு ஆகும். இவ்விளக்கு எரிந்து போனாலும் கருவி தொடர்ந்து பாடும். ஆனால் இரவில் அதன் எண்களும் எழுத்துகளும் கண்ணுக்குப் புலப்படா. இதனால் கருவியே பழுதாகிவிட்டது என்று கருதி அதைக் கழற்றி எறிவோர் உண்டு. இழை விளக்குகளைக் கொண்ட பெரும்பாலான பழைய கருவிகளில் விளக்கை மட்டும் தனியாக மாற்ற இயலும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குச் செல்லும் சாலை போன்ற வளைவுகள் மிகுந்த சாலைகளில் இரவில் வண்டி ஓட்டுவோருக்கு இது வசதியை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் சார்ந்ததாகும்.

வரலாறு

வணிக அளவில் வெற்றி பெற்ற முதல் மகிழுந்து வானொலியை அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் 1930 ஆம் ஆண்டில் மோட்டோரோலா என்னும் பெயரில் வெளியிட்டது. அக்காலக் கருவிகளில் அலைவரிசைகளைக் காட்டும் முள்ளுக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கு இருந்தது. 1963 இல் பிலிப்சு நிறுவனம் ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்திய பின்னர், நாடாக் கருவிகள் மகிழுந்துகளிலும் இடம் பெற்றன. கருவியின் முகப்பு 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும் என்னும் செருமானியத் தரம், பின்னர் ஐ.எஸ்.ஓ. 7736 என்னும் அனைத்துலகத் தரமாயிற்று. எண் வடிவில் அலைவரிசையைக் காட்டும் நீர்மப் படிகத் திரைகள் பரவியபோது, அவற்றுக்குப் பின்னொளி தரும் விளக்குகள் இன்றியமையாதவை ஆயின.

இந்தியாவில் அகில இந்திய வானொலியின் பண்பலை ஒலிபரப்பு 1977 சூலை 23 இல் சென்னையில் தொடங்கியது.

அமைப்பு

நீர்மப் படிகம் தானாக ஒளி உமிழ்வதில்லை. பின்னாலிருந்து வரும் ஒளியை மறைக்கவோ ஊடுருவ விடவோ மட்டுமே செய்யும். எனவே திரையின் ஓரங்களில் ஒன்று அல்லது இரண்டு விளக்குகள் வைக்கப்பட்டு, அவற்றின் ஒளி ஒரு தெளிந்த நெகிழித் தகட்டின் வழியாகத் திரை முழுவதும் பரப்பப்படுகிறது. பொத்தான்களுக்குத் தனி விளக்குகள் இருக்கலாம்.

இவ்விளக்குகள் 12 வோல்ட்டு மின்சுற்றில் இயங்கும் மிகச் சிறிய இழை விளக்குகள் ஆகும். டி3, டி4.2, டி5 முதலிய குறியீடுகளில் உள்ள எண், கண்ணாடிக் குமிழின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். அமெரிக்க முறையில் அதே எண் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைக் குறிப்பதால், வாங்கும்போது பழைய விளக்கை உடன் கொண்டுசெல்வது நல்லது. பச்சை, நீலம் போன்ற நிறங்கள் பெரும்பாலும் விளக்கின் மேல் மாட்டப்படும் நிற உறையால் கிடைப்பவை. விளக்கின் ஒளி மஞ்சள் கலந்த வெண்மையே.

எரிந்துபோகக் காரணங்கள்

இழை விளக்கின் டங்ஸ்டன் இழை, வெப்பத்தால் சிறிது சிறிதாக ஆவியாகி மெலிந்து இறுதியில் அறுகிறது. இதை விரைவுபடுத்தும் காரணங்கள் பின்வருமாறு.

மிகை மின்னழுத்தம்: வண்டி ஓடும்போது மின்னாக்கி 13.8 முதல் 14.4 வோல்ட்டு வரை தருகிறது. மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினால் விளக்கின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மின்னழுத்தச் சீராக்கி பழுதான வண்டியில் விளக்குகள் அடுத்தடுத்து எரிந்துபோவது இதனாலேயே.

தொடக்க மின்னோட்டம்: குளிர்ந்த இழையின் மின்தடை, சூடான இழையின் மின்தடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. எனவே ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் பன்மடங்கு மின்னோட்டம் பாய்கிறது.

அதிர்வு: சூடான இழை வலுக்குறைந்தது. குண்டும் குழியுமான சாலையின் அதிர்வில் அது எளிதில் அறும்.

எரியும் நேரம்: பல கருவிகளில் பொத்தான் விளக்குகள் வண்டியின் விளக்குகளோடு மட்டுமே எரியும். திரை விளக்கோ கருவி இயங்கும் நேரமெல்லாம் எரியும். ஆகவே திரை விளக்கே முதலில் பழுதாவது வழக்கம்.

மலைச்சாலையில் இதன் தேவை

கள்ளக்குறிச்சி, சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் அமைந்த சமவெளி நகரம் ஆகும். 2019 நவம்பர் 26 முதல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த தனி மாவட்டத்தின் தலைநகராக உள்ளது. இங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணைப் பகுதி வழியாகச் செல்லும் சாலை, மலையேறி வெள்ளிமலையை அடைகிறது.

பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் பரவுபவை. சமவெளியில் தெளிவாகக் கேட்கும் நிலையம், மலை மடிப்புக்குள் வண்டி நுழைந்ததும் மங்கி, அடுத்த வளைவில் மீண்டும் கேட்கக்கூடும். இதனால் மலைச்சாலையில் நிலையத்தை அடிக்கடி மாற்ற நேர்கிறது. தெருவிளக்கு இல்லாத சாலையில், ஒளியற்ற திரையையும் பொத்தான்களையும் தேடும் ஓட்டுநரின் பார்வை சாலையை விட்டு விலகுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இரண்டு வினாடிகளில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஒரு கொண்டை ஊசி வளைவின் தொடக்கத்தில் இத்தொலைவு பெரிதாகும். கருவி விளக்கு பழுதான வண்டியில், மலையேறும் முன்பே நிலையத்தைத் தேர்ந்துவிடுவதும், வளைவுகளில் கருவியைத் தொடாதிருப்பதும் தக்கன.

பழுதைக் கண்டறிதல்

கருவியைக் கழற்றும் முன் வண்டியின் சிறு விளக்குகளை எரியவிட்டுப் பார்க்க வேண்டும். வேகமானி உள்ளிட்ட முகப்புப் பலகை முழுவதும் இருண்டிருந்தால், பழுது பெரும்பாலும் உருகியிலோ ஒளி குறைக்கும் திருகியிலோ இருக்கும். கருவியின் ஒரு பகுதி மட்டும் இருண்டிருந்தால், பழுது விளக்கில் இருப்பதாகக் கொள்ளலாம். திரையில் எண்களே தோன்றாமல் ஒளி மட்டும் இருந்தால், அது திரையின் அல்லது அதன் இணைப்பின் பழுது; விளக்கை மாற்றுவதால் தீராது.

மாற்றும் முறை

சில கருவிகள் மின்கல இணைப்பு நீங்கியதும் திருட்டுத் தடுப்புப் பூட்டு நிலைக்குச் சென்று, மறைஎண் கேட்கும். எனவே உரிமையாளர் கையேட்டிலுள்ள மறைஎண்ணை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். காற்றுப்பை உள்ள வண்டிகளில், கையேட்டில் கூறப்பட்டுள்ள நேரம் காத்திருந்த பின்னரே முகப்புப் பலகையைத் தொட வேண்டும்.

பொது அளவுக் கருவிகளின் முகப்பில் உள்ள துளைகளில் அல்லது இடுக்குகளில் அதற்குரிய சாவிகளைச் செருகினால் கருவி வெளியே வரும். முகப்புப் பலகையோடு இணைந்த கருவிகளில் சுற்றுச் சட்டத்தை நெகிழி நெம்புகோலால் மெல்ல விடுவித்து, உள்ளிருக்கும் திருகுகளைக் கழற்ற வேண்டும். அதன்பின் மின்கம்பி இணைப்புகளும் அலைவாங்கிக் கம்பியும் நீக்கப்படும்.

ஒலியளவுத் திருகியை இழுத்து எடுத்து, முகப்பைப் பிடித்திருக்கும் கொக்கிகளை விடுவித்தால் மின்சுற்றுப் பலகை தெரியும். பட்டைக் கம்பி இருப்பின் அது கிழியாதவாறு கையாள வேண்டும். கறுத்த குமிழோ அறுந்த இழையோ பழுதான விளக்கைக் காட்டிக்கொடுக்கும். ஐயம் இருப்பின் மல்டிமீட்டரால் தொடர்ச்சியைச் சோதிக்கலாம். சில விளக்குகள் கால்சுற்றுத் திருப்பினால் கழன்று வரும். மற்றவை ஈயப்பற்று வைக்கப்பட்டவை. இவற்றுக்கு 25 வாட்டு அளவிலான பற்றுக்கோல் போதும். சூடான முனையை ஓரிடத்தில் சில வினாடிகளுக்கு மேல் வைத்தால் பலகையிலுள்ள செப்புத்தடம் உரிந்துவிடும்.

புதிய விளக்கு அதே மின்னழுத்தமும் அதே வாட்டும் உடையதாக இருக்க வேண்டும். வாட்டு கூடினால் நெகிழித் தகடும் நிற உறையும் வெப்பத்தால் உருகக்கூடும். பழைய நிற உறையை எடுத்துப் புதிய விளக்கில் மாட்டலாம். ஒரே வயதுடைய மற்ற விளக்குகளும் விரைவில் எரிந்துபோகும் என்பதால், எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவது மீண்டும் கழற்றும் வேலையைத் தவிர்க்கும். முகப்பை முழுதும் மூடும் முன் கருவியை இணைத்துச் சோதிக்க வேண்டும்.

எல்.இ.டி. பொருத்துதல்

1993 இல் ஒளிமிக்க நீல எல்.இ.டி. உருவான பின்னர் வெள்ளை எல்.இ.டி.களும் பரவலாகி, புதிய கருவிகளில் இழை விளக்கின் இடத்தைப் பிடித்தன. பழைய கருவியிலும் இவற்றைப் பொருத்தலாம். எல்.இ.டி.க்கு நேர், எதிர் முனைகள் உண்டு; மாற்றி இணைத்தால் எரியாது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு மின்தடையமும் தேவை. 14.4 வோல்ட்டு வழங்கலில் 3.2 வோல்ட்டு எல்.இ.டி. ஒன்றை 10 மில்லிஆம்பியரில் இயக்க, 11.2 வோல்ட்டை 0.01 ஆம்பியரால் வகுக்க 1120 ஓம் கிடைக்கும். கடையில் கிடைக்கும் 1.2 கிலோஓம், கால் வாட்டு மின்தடையம் இதற்குப் பொருந்தும்.

இழை விளக்கு எல்லாத் திசையிலும் ஒளி வீசும், எல்.இ.டி. பெரும்பாலும் ஒரு திசையில் வீசும். எனவே பரவு ஒளி வகையைத் தேர்ந்தெடுக்காவிடில் திரையின் நடுவில் மட்டும் ஒளிப்புள்ளி தோன்றும். நிற உறையின் நிறத்திலேயே எல்.இ.டி.யும் இருந்தால் ஒளி வீணாகாது. மிகுந்த ஒளியும் தீங்கானது: இருளுக்குப் பழகிய கண் கூசி, சாலையோரத்தை உடனே காண இயலாமல் போகும். மலைச்சாலையில் ஓடும் வண்டிக்குக் குறைந்த ஒளியே ஏற்றது.

விளக்கா, புதிய கருவியா

பொது அளவுக் கருவியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது எளிது. முகப்புப் பலகையின் வடிவத்தோடு இணைந்த கருவிகளுக்கு மாற்றுச் சட்டமும் இணைப்புக் கம்பிகளும் தேவைப்படும். சில வண்டிகளில் கடிகாரமும் எச்சரிக்கைகளும் அதே திரையில் தோன்றுவதால் அவையும் இழக்கப்படும். ஒலி நன்றாக உள்ள கருவியை ஒரு விளக்குக்காக எறிவது மின்னணுக் கழிவையும் பெருக்கும். இந்தியாவில் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 இல் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒலிபெருக்கிச் சுற்றோ திரையோ பழுதாகியிருந்தால் மட்டுமே கருவியை மாற்றுவது பொருத்தமாகும்.