கல்வாழை வியாபாரம்: பூவை விட இலையைப் பாருங்கள்

பூக்கன்று வியாபாரம் என்றதும் நம்மவர்களில் பலருக்கு ஓர்க்கிட், அந்தூரியம், ரோஜா ஆகிய மூன்றுந்தான் நினைவுக்கு வரும். இம்மூன்றுக்கும் நிழல் வலை வேண்டும், அல்லது குளிர்ப் பிரதேசம் வேண்டும், அல்லது இரண்டும் வேண்டும். சிறு முதலோடு இறங்க நினைப்பவர் கணக்குப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவதும் அதனால்தான். ஆனால் கிணற்றடியில், குளியலறைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில், எவருடைய கவனிப்பும் இல்லாமல் ஆளுயரம் வளர்ந்து சிவப்பாகப் பூத்து நிற்கும் கல்வாழையை வியாபாரப் பொருளாக நினைத்துப் பார்ப்பவர் குறைவு.

மணிவாழை என்றும் கன்னா என்றும் இதனைச் சொல்வார்கள். சிங்களச் சகோதரர்கள் 'புத்சரண' என்று அழைக்கும் இனத்தின் கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூவுடன் உண்பது கிராமங்களில் பழைய வழக்கம். ஆங்கிலத்தில் 'கன்னா லில்லி' எனப்பட்டாலும் லில்லிக்கும் இதற்கும் உறவில்லை. வாழை, இஞ்சி, மஞ்சள் ஆகியவைதான் இதன் சொந்தக்காரர்கள். தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. இன்று நாம் காணும் பெரிய பூக்கள் கொண்ட கலப்பினங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரில் குரோசி என்பவரின் தோட்டத்திலிருந்து பரவத் தொடங்கியவை. வியட்நாமில் இக்கிழங்கின் மாவில் நூடில்ஸ் செய்து விற்கிறார்கள். அது தனிக் கைத்தொழில். இங்கு நான் சொல்லப்போவது அழகுக் கன்றைப் பற்றி மட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கல்வாழை வெட்டுப்பூ வியாபாரத்துக்கு உதவாது. பூவின் இதழ்போலத் தெரிவது உண்மையில் உருமாறிய மகரந்தக் கேசரம். மெல்லிய துணிபோன்ற அது வெட்டிய மறுநாளே வாடிவிடும். கல்யாண வீட்டு மேடை அலங்காரத்துக்குக் கொடுக்கலாம் என்று எவராவது சொன்னால் அந்தப் பக்கம் போக வேண்டாம். இதில் வருமானம் வரும் வழிகள் இரண்டு. பூச்சாடியில் அல்லது பொலித்தீன் பையில் வளர்ந்த கன்றைச் சில்லறையாக விற்பது ஒன்று. ஹோட்டல், திருமண மண்டபம், பாடசாலை, வீதியோர அழகுபடுத்தல் வேலை செய்பவர்கள் ஆகியோருக்குக் கிழங்கையோ கன்றையோ மொத்தமாகக் கொடுப்பது மற்றொன்று.

மொத்த வியாபாரத்துக்கு இது ஏற்ற பயிர். ஒரு கிழங்குத் துண்டு நல்ல மண்ணில் ஓராண்டில் நாலைந்து துண்டாவதை எனது பாத்திகளில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். இரண்டு மூன்று கண்கள் உள்ள துண்டாக வெட்டி, வெட்டிய வாய் ஓரிரு நாள் காய்ந்த பிறகு, நான்கு விரல் ஆழத்தில், ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளியில் நட்டால் போதும். குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்ட புத்தகங்களில் இலையுதிர் காலத்தில் கிழங்கைத் தோண்டி எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்றிருக்கும். அது உறைபனி விழும் ஊர்களுக்கு. நமக்கு ஆண்டு முழுவதும் நிலத்திலேயே கிடக்கலாம். ஈர வலயத்தில் மே மாத மழையோடும், கிழக்கிலும் புத்தளம், மன்னார்ப் பக்கமும் ஒக்டோபர் மழையோடும் நட்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் வியாபாரத்துக்கு அது சரிவராது. கலப்பின விதையில் தாயின் நிறம் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. விதையோ ஈயக்குண்டுபோலக் கறுத்து இறுகியது. ஓட்டைச் சற்று உரசி ஒரு நாள் ஊறவைத்தால்தான் முளைக்கும். ஆர்ஜென்டினாவில் பழைய கல்லறையொன்றில் கிடைத்த சுமார் 600 ஆண்டு பழைமையான கல்வாழை விதை முளைத்ததாக 1971 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது என்றால் அதன் ஓடு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தில்லாத வியாதி

இனி விடயத்துக்கு வருவோம். இப்பயிரில் முதல் போட்டவரைக் கவிழ்க்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது வைரசு நோய். 2000 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் கல்வாழைத் தோட்டங்களை இது பெரிதாகப் பாதித்தது. கிழங்கு நாடு விட்டு நாடு கைமாறக் கைமாற நோயும் கூடவே பயணம் செய்தது. மூன்று வகை வைரசுகள் முக்கியமானவை. இலையில் மஞ்சள் புள்ளிகளை உண்டாக்குவது ஒன்று, மஞ்சள் கோடுகளை இழுப்பது ஒன்று, அவரை இனப் பயிர்களிலிருந்து வருவது மற்றொன்று. எதுவாக இருந்தாலும் செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அழுக்கணவன் பூச்சி இவற்றில் சிலவற்றைச் செடிக்குச் செடி கடத்தும். கிழங்கு வெட்டும் கத்தியும் கடத்தும். எல்லாவற்றையும் விட, நோயுள்ள கிழங்கைத் துண்டுபோட்டு விற்பவர்தான் அதிகம் கடத்துகிறார்.

எனக்குப் பழக்கமான ஹார்ட்வெயார்க் கடைக்காரர் ஒருவர் கடை முன்றலில் பூக்கன்றும் விற்கிறார். வெளியூர் நாற்றுமேடை ஒன்றிலிருந்து முந்நூறு கிழங்கு ஒரே தடவையில் இறக்கினார். பூத்திருந்த தாய்ச்செடிகளைக் காட்டித்தான் விற்றிருக்கிறார்கள். நட்டு இரண்டு மாதத்தில் பாதிக்கு மேற்பட்டவற்றின் இலைகளில் மஞ்சள் கோடுகள் விழுந்து, ஓரம் கருகி, சில குட்டையாகவே நின்றுவிட்டன. என்னை அழைத்துக் காட்டினார்.

"நானா, இதுக்கு என்ன மருந்து அடிக்கிற?"

மருந்து இல்லை என்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: "பூக்குதுதானே, விலையக் கொறச்சி வித்தா என்ன? வாங்குற ஆளுக்கு இது வெளங்கவா போகுது?"

நியாயமான கேள்விதான். நட்டத்தில் நிற்கும் எவர் மனதிலும் அது எழும். வாங்குபவருக்கு விளங்காது என்பதும் உண்மை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாம் எல்லோரும் குத்பாவில் கேட்டிருக்கிறோம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்றுதான் அன்னார் கேட்டார்கள். குறையைச் சொல்லி விற்கலாமே என்று வாதிக்கலாம். நனைந்த தானியத்துக்கு அது பொருந்தும், ஏனென்றால் அதன் ஈரம் பக்கத்து வீட்டுக் குவியலுக்குப் பரவாது. இந்நோயோ வாங்கியவரின் வளவிலிருந்து அடுத்த வளவுக்குப் போகும். ஆகவே குறையைச் சொல்லி மலிவாக விற்பதும் இங்கு சரியல்ல என்பது என் கருத்து.

அவர் கோடு விழுந்தவற்றையெல்லாம் வேரோடு பிடுங்கி எரித்தார். கூட்டெருக் குழியில் போடவில்லை, ஏனெனில் மிஞ்சிய கிழங்கு அங்கேயே முளைத்துவிடும். விற்பனை செய்தவரிடம் படங்களுடன் போனார். பொருளில் மறைந்திருந்த குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஷரீஅத்தில் உண்டு, அதனை எடுத்துச் சொல்லியும் பாதிப் பணந்தான் கிடைத்தது. எழுத்தில் எதுவும் இருக்கவில்லை.

எனவே வாங்கும்போது பூவைப் பார்த்து மயங்க வேண்டாம். தாய்ப்பாத்தியின் இலைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பு வழியே ஒழுங்கற்ற மஞ்சள் கோடு, திட்டு, சுருண்ட இலை, பூவில் நிறம் உடைந்து சிதறிய கோடு ஆகியவை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். ஆனால் இங்கே குழம்பிவிடவும் கூடாது. 'பிரிட்டோரியா' என்ற இனத்துக்கு மஞ்சள் வரி பிறவியிலேயே உண்டு. எல்லா இலையிலும், எல்லாச் செடியிலும் ஒரே சீராக இருக்கும். 'கிளியோபாட்ரா' ஒரே பூவில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும், அதுவும் நோயல்ல. பசளை போதாமல் வெளிறிய இலை பசளை இட்டால் தேறும், வைரசு தேறாது. இதுதான் பிரித்தறியும் வழி.

புதிதாக வந்த கிழங்கை எவ்வளவு நம்பிக்கையானவர் தந்திருந்தாலும் பழைய பாத்தியில் சேர்க்காமல் தூரத்தில் தனியாக நட்டு, நாலைந்து இலை விரியும் வரை இரண்டு மாதம் பார்ப்பது என் வழக்கம். செழிப்பாக வளரும்போது சில செடிகள் நோயை மறைத்துக்கொள்ளும் என்பதால் அதற்குப் பிறகும் ஒரு கண் இருக்க வேண்டும். கத்தியை ஒவ்வொரு தாய்க்கிழங்குக்குப் பின்னரும் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் தோய்க்க வேண்டும். வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவி எண்ணெய் பூசாவிட்டால் துருப்பிடித்துவிடும். வெளிநாட்டிலிருந்து பயணப் பையில் கிழங்கு கொண்டுவரும் எண்ணம் எவருக்காவது இருந்தால், 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் தாவரத் தடைகாப்புச் சேவை இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அந்தச் சட்டம் நம்முடைய முதலையும் சேர்த்துத்தான் காக்கிறது.

பூக்கவில்லை என்று வரும் புகார்கள்

வாடிக்கையாளர் திரும்பி வந்து சொல்லும் முறைப்பாடுகளில் முதலாவது, இலை வருகிறது பூ வரவில்லை என்பது. பெரும்பாலும் மாமரத்தடியில் நட்டிருப்பார்கள். ஆறு மணி நேர வெயிலாவது இல்லாத இடத்தில் இது பூக்காது, விற்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது காரணம் யூரியா. யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் அடர்த்தியாகும். நன்கு மக்கிய மாட்டெருவும் சமநிலையான பசளையும் போதும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த மாதங்களில் மாட்டெருவையும் கூட்டெருவையும் மட்டும் கொண்டு எனது பாத்திகள் குறைவின்றிப் பூத்தன. மூன்றாவது நெருக்கம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கிளப்பிப் பிரிக்காவிட்டால் கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கிப் பூ குறையும். இன்னொன்று, பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது. அதை அடியோடு வெட்டினால்தான் பக்கத் தண்டுகளுக்குப் பலம் போகும். வாழையைப்போலத்தான்.

இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தால் அது துரு நோய். மழைக் காலத்தில் அதிகம். அந்த இலைகளை அகற்றி, இடைவெளி கூட்டி, இலைமேல் படாமல் அடியில் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் அடங்கும். விரியாத குருத்தை விரித்துப் பார்த்தால் வரிசையாகத் துளைகள் இருக்கும், அது உள்ளே இருந்து தின்னும் புழுவின் வேலை. சுருளைப் பிரித்து நசுக்குவதே சிறு தோட்டத்துக்கு மலிவான வழி. நத்தைக்கும் அதேதான், இரவில் டோர்ச்சும் வாளியும். 1900 ஆம் ஆண்டளவில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க இராட்சத நத்தை கல்வாழைக் குருத்தை விடாது. நத்தையை வெறுங்கையால் தொடச் சிறுவர்களை அனுப்ப வேண்டாம், அதில் மூளையைத் தாக்கும் புழு இருக்கக்கூடும்.

வுழுத் தண்ணீருக்கு ஒரு வாடிக்கையாளன்

கல்வாழை தண்ணீரில் நின்றும் வளரும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கல், மணல் பாத்திகளில் பல நாடுகளில் இதனை நடுகிறார்கள். நமது பள்ளிவாசல்களில் ஐந்து வேளையும் வுழுச் செய்யும் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நேரே வடிகானுக்குத்தான். சவர்க்காரம் அதிகம் சேராத தண்ணீர் அது. மீண்டும் வுழுவுக்கு உதவாவிட்டாலும் செடிக்கு உதவும். அந்த வடிகான் வழியில் சரளைக்கல் நிரப்பிய பாத்தி ஒன்றை அமைத்துக் கல்வாழை நட்டால் முற்றமும் அழகாகும், தண்ணீரும் வீணாகாது. பள்ளி நிர்வாகங்கள், மதரஸாக்கள், சிறு விடுதிகள் ஆகியோரிடம் கன்றை மட்டும் விற்காமல் பாத்தியையும் அமைத்துக் கொடுத்தால் கூலியும் சேரும். தண்ணீர் கல்லுக்கு மேலே தெரியக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்குவுக்கு உள்ளான 2017 ஆம் ஆண்டை மறக்க முடியுமா? உங்கள் விற்பனை நிலையத்திலும் சாடிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்ப்பார்.

ஹோட்டல்காரர்கள் பருவத்துக்கு முன்பே ஓடர் தருவதுண்டு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பின்னர் பொருளைக் கொடுக்கும் 'ஸலம்' முறைக்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் இனம், உயரம், எண்ணிக்கை, ஒப்படைக்கும் திகதி, இடம் எல்லாம் குறிப்பாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு பாத்தியின் விளைச்சலோடு அதனைக் கட்டிவிடக் கூடாது என்பது உலமாக்களின் நிலைப்பாடு, அந்தப் பாத்தியே அழிந்துபோனால் என்ன செய்வது? எனவே உங்களிடம் குறைந்தால் வெளியில் வாங்கிக் கொடுக்கக்கூடிய சாதாரண இனங்களுக்கே ஸலம் எழுதுங்கள். கால்வாசி முற்பணம் மட்டும் தரும் வாடிக்கையாளரோடு செய்யும் ஒப்பந்தம் ஸலம் ஆகாது. அதனை எப்படி எழுதுவது என்று ஊரிலுள்ள ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கிழங்கு வாங்கும்போதும் சரி, விற்கும்போதும் சரி, இரண்டு மாதத்துக்குள் வைரசு அடையாளம் தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரியைப் பற்றுச்சீட்டில் சேர்த்து, திகதியிட்டுக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.